மூச்சோடு செல்லும் மருந்தும் அதன் உடைமையாளரும்

விஞ்ஞானத்தின் ஒவ்வொரு வெற்றியும் இரு வகையான எழுத்தைத் தோற்றுவிக்கின்றது. அவ்வெற்றியின் உள்ளியல்பை ஆராயும் எழுத்து ஒன்று. அதன் முன் வியந்து கைகூப்பி நிற்கும் எழுத்து மற்றையது. நானோத் துகள்கள் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளுட் பல இரண்டாம் வகையின. தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கே பருமனுடைய துகளொன்று மருந்தைச் சுமந்துகொண்டு நோயுற்ற கலத்தைத் தேடிச் செல்லும் அதிசயத்தை வருணித்து, நாளைய மருத்துவம் இன்றே வந்துவிட்டதென முடிப்பது அவற்றின் பொது இலக்கணமாகும். இடையில் எழவேண்டிய வினா எழுவதேயில்லை. அத்துகள் யாருக்கு உரியது? யாரை நோக்கிச் செல்கின்றது? யாரைக் கடந்து செல்கின்றது?

இவ்வினாக்களை எழுப்புவதற்கு மிகப் பொருத்தமான துறை, சுவாசப்பைத் தொற்றுநோய்களுக்காக மூச்சோடு உள்ளிழுக்கப்படும் நுண்துகள் மருந்துகளாகும். சுவாசப்பைத் தொற்றுக்களுள் மிகக் கொடியதான காசநோய், நெருக்கமான குடியிருப்பையும் குறையுணவையும் பற்றிப் படரும் நோய். 2023 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 1 கோடியே 8 இலட்சம் பேர் அந்நோய்க்கு ஆளாகினர். 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் மாண்டனர். அந்நோயாளருள் எவருக்கும் இன்றுவரை மூச்சோடு செல்லும் நுண்துகள் மருந்து அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாகக் கிடைக்கவில்லை. இதற்குத் துகளின் பருமனையும் தொழினுட்பத்தின் இடர்ப்பாட்டையும் காரணங்காட்டுவோர் பலர். அவர்தம் கூற்று அரை உண்மை. தடையாயிருப்பது துகளின் பருமன் மாத்திரமன்று. துகளின் உடைமையே முதன்மையான தடை.

முதலில் விஞ்ஞானத்தை நோக்குதல் வேண்டும். விழுங்கப்படும் குளிசை, இரைப்பை, குடல், ஈரல் ஆகியவற்றைக் கடந்து, குருதியிற் கலந்து, உடல் முழுவதும் பரந்த பின்னரே சுவாசப்பையை அடைகின்றது. நோய் ஓரிடத்தில் இருக்க மருந்து எவ்விடத்தும் செல்கின்றது. காசநோய்க்கு வழங்கப்படும் ஐசோநயசிட், றிபாம்பிசின், பிரசினமைட் ஆகிய மூன்றும் ஈரலைத் தாக்கவல்லன. அவற்றைப் பொதுவாக ஆறு மாதங்களுக்கு உட்கொள்ளவேண்டியிருப்பதால், நோய் தணிந்ததென எண்ணிப் பலர் இடையிற் கைவிடுகின்றனர். கைவிடப்பட்ட சிகிச்சையிலிருந்தே மருந்துக்குப் பணியாத கிருமி வலுப்பெறுகின்றது. மருந்தை நேரே சுவாசப்பைக்குள் செலுத்தினால் குறைந்த அளவு மருந்து நோயிடத்தில் நெடுநேரம் தங்கும் என்பது இத்துறையின் அடிப்படை எண்ணமாகும்.

ஆயின் சுவாசப்பை தன்னுட் புகும் அனைத்தையும் ஏற்றுக்கொள்வதில்லை. 5 மைக்ரோமீற்றரிலும் பெரிய துளிகள் தொண்டையிலும் மேல் மூச்சுக்குழாய்களிலும் மோதித் தங்கிவிடுகின்றன. 1 முதல் 5 மைக்ரோமீற்றர் வரையிலானவை ஆழச் சென்று சிற்றறைகளை அடைகின்றன. அதனினும் சிறியவற்றுட் பல எங்கும் படியாது வெளிமூச்சோடு திரும்பிவிடுகின்றன. ஆதலால் நானோத் துகள்களை நுண்ணிய நீர்த்துளிகளிற் பொதிந்தோ, படிந்த இடத்திற் கரையும் தூள்மணிகளில் அடக்கியோ அனுப்புகின்றனர். சிற்றறைகளிற் காவல்புரியும் பெருந்தின்கலங்கள் வெளியிலிருந்து வரும் துகள்களை விழுங்கும் இயல்பின. காசநோய்க் கிருமியோ தன்னை விழுங்கிய அக்காவற் கலத்தினுள்ளேயே குடியிருந்து பெருகுவது. அக்கலம் மருந்துத் துகளையும் விழுங்கும். பகைவன் ஒளிந்திருக்கும் அறைக்குள் மருந்தைக் காவலனே எடுத்துச் செல்கின்றான். இத்துறையின் மெய்யான சிறப்பு இதுவே.

இவ்வெண்ணம் வெறுங் கற்பனையன்று. சண்டிகாரிலுள்ள பட்டப்பின் மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. கே. குல்லரும் அவர்தம் குழுவினரும் மேற்கூறிய மூன்று மருந்துகளையும் சிதைவுறும் பல்பகுதியத்தாலான நானோத் துகள்களிற் பொதிந்து, காசநோய்க் கிருமி ஏற்றப்பட்ட கினிப்பன்றிகளுக்கு மூச்சோடு செலுத்தினர். 2003 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு இதுவாகும்: பத்து நாட்களுக்கு ஒருமுறையாக ஐந்து முறை மருந்து செலுத்தப்பட்ட விலங்குகளின் சுவாசப்பையிற் கிருமி காணப்படவில்லை, அதே பயனைப் பெறுவதற்கு வாய்வழி மருந்தை நாள்தோறும் 46 முறை கொடுக்கவேண்டியிருந்தது. நாற்பத்தாறுக்கு ஐந்து. பயன்படுத்தப்பட்டவை புதிய மருந்துகளல்ல. ஏழை நாடுகளின் இலவச வைத்தியசாலைகளிற் கிடைக்கும் பழைய மருந்துகள். ஆய்வை நடத்தியதோ மக்கள் வரிப்பணத்தில் இயங்கும் அரச நிறுவனம்.

கினிப்பன்றி மனிதனன்று என்பது உண்மையே. விலங்கிற் பயன்தந்த மருந்துகளுள் மிகப் பல மனிதனிடத்துத் தோல்வியுற்றுள்ளன. நோயுற்ற மனிதச் சுவாசப்பையில் துளைகளும் தழும்புகளும் உள்ளன. காற்றுப் புகாத அப்பகுதிகளை மூச்சோடு செல்லும் மருந்து அடைவது கடினம். துகள்களே அழற்சியை விளைக்கவுங்கூடும். எனவே அந்த ஐந்து முறை மனிதருக்கும் போதுமெனக் கூறுவது மோசடியாகும். எனினும் போதுமா போதாதா என்பதை அறிவதற்கு ஒரே வழி மனிதரிடத்து முறையாகச் சோதித்தலே. இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் அச்சோதனை முழுமையாக நடைபெற்று முடிவு காணப்படவில்லை. விடை தெரியாதிருப்பது இயற்கையின் குற்றமன்று. வினாவை இறுதிவரை கேட்கும் பொறுப்பை எவரும் ஏற்காமையின் விளைவு.

இதற்கு மாறாக, நிறைவேறிய ஒரு முயற்சியை நோக்குக. 2018 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் உணவு மருந்து நிருவாகம் 'அரிகேஸ்' என்னும் மருந்துக்கு அனுமதி வழங்கியது. ஏறத்தாழ 300 நானோமீற்றர் பருமனுடைய லைப்போசோம் எனும் கொழுப்புக் குமிழிகளில் அமிக்கசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் பொதிந்து, தனியான தெளிகருவியொன்றினால் நாள்தோறும் உள்ளிழுக்கச் செய்வது இம்முறை. இது காசநோய்க்கு உரியதன்று. காசநோய்க் கிருமியின் உறவினமாகிய, மண்ணிலும் நீரிலும் வாழும் மைக்கோபக்ரீரியா ஏவியம் தொகுதி விளைக்கும் சுவாசப்பை நோய்க்கு, அதுவும் ஏனைய சிகிச்சைகள் பயன்தராத நோயாளருக்கு மட்டும் உரியது. 336 நோயாளரிடத்து நடந்த ஆய்வில், வழமையான சிகிச்சையோடு இதனையும் பெற்றவர்களுள் 29 சதவீதத்தினரின் சளி கிருமியற்றதாயிற்று. வழமையான சிகிச்சை மாத்திரம் பெற்றவர்களுள் 8.9 சதவீதத்தினருக்கே அப்பயன் கிட்டியது. மூச்சுத்தொல்லைகள் பற்றிய கடுமையான எச்சரிக்கை மருந்தோடு இணைக்கப்பட்டுள்ளது. ஆகவே இது அதிசயமன்று. ஆயினும் மனிதச் சுவாசப்பையில் நுண்துகள் மருந்து தொழிற்படும் என்பதற்குச் சான்று.

இம்மருந்தின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். அமிக்கசின் 1970களின் தொடக்கத்தில் யப்பானிற் கண்டறியப்பட்டது. அதன் ஆக்கவுரிமை காலாவதியாகி நெடுங்காலமாயிற்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இடம்பெறுகின்றது. லைப்போசோம்கள் 1960களில் கேம்பிரிட்ஜை அடுத்த பேப்ரகாம் எனுமிடத்தில், பொதுப்பணத்தில் இயங்கிய விலங்கு உடலியல் ஆராய்ச்சி நிலையத்தில், அலெக் பாங்கம் என்பாரால் இனங்காணப்பட்டவை. மருந்து பொதுச்சொத்து, வாகனத்தின் மூல அறிவும் பொதுச்சொத்து. இரண்டும் இணைந்தவுடன் அவ்விணைப்பு ஒரு கம்பனியின் தனிச்சொத்தாகிவிடுகின்றது. பழைய மருந்து புதிய வாகனத்தில் ஏறியதும் பழைய விலையையும் பழைய பொதுமையையும் கீழே இறக்கிவிட்டுச் செல்கின்றது. அரிதான நோய்களுக்கான மருந்துகளுக்கு ஏழாண்டுத் தனி விற்பனையுரிமை வழங்கும் 1983 ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டமும் இத்தகைய உடைமைக்கு அரண் செய்கின்றது.

இணைத்தவர் உழைக்கவில்லையா என்ற வினா இங்கு எழும். உழைத்தனர் என்பதில் ஐயமில்லை. குமிழியை நிலைநிறுத்துதல், கருவியைப் பொருத்துதல், ஆண்டுக்கணக்கில் நோயாளரிடத்துச் சோதித்தல் ஆகியன பெருஞ் செலவும் திறனும் வேண்டுவன. எனினும் அவ்வுழைப்பு எந்த நோயை நோக்கித் திரும்புகின்றது என்பதைத் தீர்மானிப்பது நோயின் கொடுமையன்று, விலைகொடுப்போரின் வலிமை. மூச்சோடு செலுத்தும் தொப்ராமைசின் கரைசல், மரபுவழிச் சளிநோயான சிஸ்டிக் பைப்ரோசிஸ் உடையோருக்காக 1997 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்நோயுற்ற சிறுவர்களுக்கு மருந்து கிடைத்தமையைக் குறைகூறுவது மனிதத்தன்மையாகாது. அவர்களின் பெற்றோர் அமைப்பாகத் திரண்டு ஆராய்ச்சிக்குப் பொருளீட்டியமை போற்றத்தக்கதாகும். கண்டிக்கத்தக்கது வேறொன்று. இலட்சக்கணக்கிற் காசநோயால் இறப்போரிடத்து அத்தகைய விலைகொடுக்கும் வலிமை இல்லாமையை, அவர்களுக்கு மருந்து தேவையில்லை என்பதற்கு ஒப்பாகக் கொள்ளும் சந்தையின் நியாயமே அது.

இலாபமின்றேல் ஆராய்ச்சியில்லை என்பது சந்தைவாதிகளின் இறுதி அரண். ஆனால் இலாபம் இருந்தவிடத்து நிகழ்ந்தவற்றையும் நோக்கவேண்டும். பைசர் கம்பனியின் 'எக்சுபெரா' எனும் உள்ளிழுக்கும் இன்சுலின் 2006 சனவரியில் அனுமதி பெற்றது. அது நானோத் துகளன்று. ஆயினும் மூச்சுவழி மருந்தின் தொழினுட்பத்துக்குப் பெருமுதலீடு பெற்ற முயற்சி. விற்பனை போதாமையால் 2007 ஒக்டோபரிலேயே அது கைவிடப்பட்டது; ஏறத்தாழ 280 கோடி டொலர் இழப்பாகக் கணக்கில் எழுதப்பட்டது. லைப்போசோமிற் சிப்ரோபுளொக்சசினைப் பொதிந்து உள்ளிழுக்கும் மருந்தை உருவாக்கிய அராடைம் கம்பனி, 2018 இல் அமெரிக்க அனுமதி மறுக்கப்பட்டதை அடுத்து, 2019 இல் வங்குரோத்தானது. ஒரு கம்பனி விழும்பொழுது அதனோடு அதன் அறிவும் ஏலப்பொருளாகின்றது. சந்தை அறிவை வளர்க்கின்றது என்போர், சந்தை அறிவைப் புதைக்கும் இடங்களையும் எண்ணிக் கூறுதல் வேண்டும்.

அதே வேளையில் பொதுப்பணம் உறுதியாகப் பாயும்போது நேரும் வேகத்தையும் உலகம் கண்டுள்ளது. கொரோனாக் கிருமியின் மரபணு வரிசை 2020 சனவரியில் வெளியாயிற்று; கொழுப்பு நானோத் துகள்களிற் பொதியப்பட்ட தடுப்பூசிகள் அவ்வாண்டு டிசெம்பரிலேயே பாவனைக்கு வந்தன. அவை கையில் ஏற்றப்பட்டவை. சுவாசப்பைக்குள் மருந்து செலுத்தும் சிக்கல் அவற்றுக்கு இல்லை. பல்லாண்டு ஆராய்ச்சியும் அவற்றின் பின்னே நின்றது. எனினும் அரசுகளின் பணமும் முன்கொள்வனவும் இன்றி அந்த வேகம் சாத்தியமாகியிராது. இதனோடு ஒப்பிட, காசநோய் ஆராய்ச்சிக்கு 2022 இல் உலகம் முழுவதும் செலவிட்டது ஏறத்தாழ 100 கோடி டொலர். ஆண்டுக்கு 500 கோடி என்பதே நாடுகள் தாமே ஏற்றுக்கொண்ட இலக்கு. அந்தத் தடுப்பூசிகளின் உடைமையோ தனியாரிடமே தங்கிற்று. ஆக்கவுரிமையை இடைநிறுத்துமாறு இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில் உலக வர்த்தக நிறுவனத்திடம் வைத்த கோரிக்கை, 2022 யூனில் மிகக் குறுகிய தீர்மானமாகவே முடிந்தது. துகளைச் செய்யும் முறை யாருக்கு உரியதென்று கம்பனிகள் தமக்குள்ளேயே வழக்காடின. வாகனமே சொத்து என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வுடைமையின் விலை வெறும் பணமன்று. மருந்துக்குப் பணியாத காசநோய்க்குப் பல்லாண்டுகளாகக் கனமைசின், கப்ரியோமைசின் முதலிய மருந்துகள் மாதக்கணக்கில் ஊசியாக ஏற்றப்பட்டன. அவை பலரின் செவிப்புலனை அழித்தன. கப்ரியோமைசினை உலர்தூளாக உள்ளிழுக்கச் செய்யும் ஆரம்ப மனிதச் சோதனையின் முடிவு 2013 இல் வெளியானது; அது சிகிச்சையாக வளருமுன்னரே, 2018 இல் அவ்விரு ஊசி மருந்துகளையும் விலக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அவற்றின் இடத்தைப் பிடித்த குளிசைகளுள் முதன்மையானது, 2012 இல் அனுமதி பெற்ற பெடாகுயிலின். அதன் மூல ஆக்கவுரிமை இந்தியாவில் 2023 யூலையுடன் முடிவடையவிருந்தது. அதே மருந்தின் பியூமரேற் உப்பு வடிவுக்குப் புதிய ஆக்கவுரிமை பெற்று, தன் தனியுரிமையை 2027 வரை நீட்டிக்க ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனி முயன்றது. அதனை எதிர்த்து முறையிட்டவர்கள் இந்தியாவின் நந்திதா வெங்கடேசனும் தென்னாபிரிக்காவின் பியுமெசா திசிலேயும் ஆவர். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். இருவரும் அந்நோய்க்கான சிகிச்சையினால் செவிப்புலனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்திய ஆக்கவுரிமை அலுவலகம் கம்பனியின் விண்ணப்பத்தை நிராகரித்தது. அவ்வாண்டிலேயே உலகக் கொள்வனவில் அம்மருந்தின் விலை ஏறத்தாழ அரைவாசியாக வீழ்ந்தது. மருந்தின் உப்பை மாற்றி உடைமையை நீட்டிப்பதற்கும், மருந்தின் வாகனத்தை மாற்றி உடைமையை உண்டாக்குவதற்கும் தொழினுட்பத்தில் வேறுபாடு பெரிது. சந்தையின் நியாயத்தில் வேறுபாடில்லை.

எனினும் ஆக்கவுரிமையை ஒழித்துவிட்டாற் போதும் என்ற எளிய முழக்கமும் மறுக்கப்படவேண்டியதே. கினிப்பன்றியிலிருந்து மனிதனை நோக்கிச் செல்லும் நீண்ட பாதையைக் கடத்திவிடும் பொதுநிறுவனம் இல்லாதவிடத்து, உடைமையாளரில்லாத அறிவும் முடங்கியே கிடக்கும். சண்டிகார் ஆய்வின் கதி அதனைக் காட்டுகின்றது. கம்பனி கொண்ட அறிவு விலையினால் எட்டாது போகின்றது. கம்பனி கொள்ளாத அறிவு ஆய்விதழின் பக்கத்திலேயே உறைந்துவிடுகின்றது. இவ்விரட்டைப் பூட்டைத் திறக்க ஒரு திறவுகோல் போதாது.

பொதுநிறுவனம் அப்பாதையைக் கடத்தமுடியாதென்போர் சென்னையின் வரலாற்றை அறியாதவர். 1956 இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன இணைந்து அந்நகரிற் காசநோய் வேதிச்சிகிச்சை நிலையத்தை நிறுவின. வறிய குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஆரோக்கிய நிலையத்திலும் மற்றையோரை நெருக்கடி மிக்க அவர்தம் வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தை ஓராண்டு வழங்கினர். நல்லுணவும் ஓய்வும் தூய காற்றும் இன்றியே வீட்டுச் சிகிச்சை ஏறக்குறைய ஒத்த பயனைத் தந்தது. உடன் வாழ்ந்தோருக்கும் அதனால் மிகையான தொற்று நேரவில்லை. 1959 இல் வெளியான இம்முடிவு, உலகெங்கும் ஆரோக்கிய நிலையங்களின் காலத்தை முடிவுக்குக் கொண்டுவர உதவிற்று. அங்கு எந்தக் கம்பனிக்கும் விற்பதற்குப் புதிய பொருள் இருக்கவில்லை. ஏழைக்கு எது இயலும் என்ற வினாவே ஆய்வின் தொடக்கமாக இருந்தது. அந்நிலையம் இன்றும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இயங்குகின்றது. சண்டிகாரின் துகளுக்கும் சென்னையின் அனுபவத்துக்கும் இடையே இருப்பது தூரமன்று. அரசியற் சித்தம் இல்லாமையே.

மருந்தின் உடைமை பற்றிய இவ்விவாதம் இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்கும் புதியதன்று. பேராதனையில் மருத்துவ பீடாதிபதியாக விளங்கிய மருந்தியற் பேராசிரியர் செனக பிபிலே, வணிகப் பெயர்களின் மாயையை நீக்கி மருந்துகளை அவற்றின் பொதுப்பெயராற் கொள்வனவு செய்யவேண்டுமென வாதித்தார். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது அவ்வாதத்தின் பயனாகவே. ஒரே மருந்து பல பெயர்களிற் பல விலைகளில் விற்கப்படுவதே அன்றைய தந்திரம். ஒரே மருந்து பல வாகனங்களில் ஏறிப் பல விலை கேட்பது இன்றைய தந்திரம். பிபிலே முகவுறையைக் கிழித்துக் காட்டினார். இன்று கிழிக்கவேண்டிய உறை நானோமீற்றர் அளவினது, கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலால் அதனைக் கிழிக்கும் அறிவும் கூர்மையடைதல் வேண்டும்.

அவ்வறிவு மருத்துவ பீடத்துக்கோ விஞ்ஞான பீடத்துக்கோ மாத்திரம் உரியதன்று. துகள் எவ்வாறு சிற்றறையை அடைகின்றது என்பது பௌதிகத்தின் வினா. அது ஏன் ஒருவரின் சிற்றறையை அடைந்து இன்னொருவரின் சிற்றறையை அடைவதில்லை என்பது சமூக விஞ்ஞானத்தின் வினா. கலைப்பீடம் இவ்வினாவைக் கேட்கத் தயங்கினால், அது தன் கடமையைச் சந்தைக்குக் குத்தகை விட்டதாகவே முடியும். தமிழில் விஞ்ஞானம் எழுதுவோரும் கலைச்சொல் ஆக்குவதோடு தம் பணி நிறைவுற்றதெனக் கொள்ளலாகாது. ஒரு புதுமையைத் தமிழில் விளக்குவோர், அதன் விலையையும் உடைமையையும் தமிழில் விளக்கக் கடமைப்பட்டவர்.

பொதுப்பணத்தில் விளைந்த அறிவு பொதுவுடைமையாகவே நிலைபெறச் சட்டம் வேண்டும். பழைய மருந்துகளைப் புதிய வாகனங்களில் ஏற்றி மனிதரிடத்துச் சோதிக்கும் பொறுப்பைத் தென்னாசிய அரசுகளின் ஆராய்ச்சி நிறுவனங்கள் கூட்டாக ஏற்கவேண்டும். வடிவ மாற்றத்தையே கண்டுபிடிப்பெனக் காட்டும் ஆக்கவுரிமைகள் எதிர்க்கப்படவேண்டும். இவை நிறைவேறிய பின்னரும் நுண்துகள் மருந்து காசநோயை வெல்லாது போகலாம். வெல்லாதெனில் அதனை விஞ்ஞானம் கூறட்டும், சந்தை கூறவேண்டியதில்லை. காற்று எவருக்கும் உடைமையன்று. அக்காற்றோடு கலந்து கிருமி ஏழையின் சுவாசப்பைக்குட் புகும்போது அதனிடம் எவரும் உரிமைப்பத்திரம் கேட்பதில்லை. அதே வழியில் அதே சுவாசப்பையை நோக்கிச் செல்லவேண்டிய மருந்திடம் மட்டும் உரிமைப்பத்திரம் கேட்கும் சமூக ஒழுங்கு நிலைபெறத்தக்கதன்று.